டயரில் ஆணி ஏறினால் ஒட்டுவதா, மாற்றுவதா? மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

பஞ்சரான டயரை ஒட்டிப் பாவிப்பதா, புதிதாக மாற்றுவதா என்று திருகோணமலையிலும் அயற்பகுதிகளிலும் உள்ள நம் அங்கத்தவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். பதில்களுக்கு முன், எல்லோருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பார்த்த பிறகே எவராலும் முடிவு சொல்ல முடியும். வெளியே தெரியும் ஓட்டை பாதி விடயத்தைத்தான் காட்டுகிறது.

கேள்வி (உப்புவெளி): ஐயா, எனது பல்சரின் பின் டயர் டியூப்லெஸ், அதாவது உள்ளே டியூப் இல்லாதது. நடுப்பகுதியில் ஆணி ஏறியிருந்தது. கடைக்காரர் டயரைக் கழற்றாமலேயே வெளியிலிருந்து நார் போன்ற ஒன்றைச் செருகிக் கொடுத்தார். இப்போது காற்று இறங்கவில்லை. இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். அந்த நார் காற்றை அடைக்கிறதே தவிர, ஆணியால் அறுந்த உள்ளிழைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. வழியில் நின்ற வண்டியை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கு அது மிகவும் பயனுள்ளது. அதற்கு மேல் அதை நம்புவதற்கு நான் உடன்படமாட்டேன்.

முறையான திருத்தம் உள்ளிருந்து செய்யப்படுவது. அதற்கென்று, தண்டும் அகன்ற தலையும் கொண்ட ரப்பர் ஒட்டு இருக்கிறது. தண்டு ஓட்டையை நிரப்ப, தலை உட்தோலை மூடிக்கொள்ளும். முதலில் ஓட்டையைத் துளையிட்டுச் சுத்தமாக்கி, அதைச் சுற்றியுள்ள உட்தோலை உரசிச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு பசை பூசி, அதன் ஈரப் பளபளப்பு மறைந்து மங்கும் வரை காத்திருந்து, தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையைச் சிறிய உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்த வேண்டும். பசை காய்வதற்குக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒட்டு பின்னர் கழன்று வருவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே கடையில் நின்று பாருங்கள், அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தத் திருத்தம் தரையைத் தொடும் நடுப்பகுதியில் விழுந்த, 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத ஓட்டைக்கு மட்டுமே பொருந்தும். பிடுங்கிய ஆணியை எறியாமல் வைத்திருந்தால் அதன் தடிப்பைக் கொண்டே அளவை ஊகிக்கலாம். ஏற்கெனவே ஓர் ஒட்டு இருந்தால், புதிய ஒட்டு உள்ளே அதன்மேல் ஏறக்கூடாது. முறையாக ஒட்டிய பிறகும் முதல் 24 மணித்தியாலங்களுக்கு மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம் என்று ஹொண்டாவின் கைநூல்கள் அறிவுறுத்துகின்றன.

கேள்வி (கிண்ணியா): பாடசாலை முடிந்து திரும்பும்போது எனது ஸ்கூட்டரின் முன் டயரில் காற்று போய்விட்டது. இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று பாலத்தின் மேலாக அப்படியே மெதுவாக ஓட்டி வந்துவிட்டேன். ஓட்டை மிகச் சிறியது, வெளியே வேறு சேதமும் தெரியவில்லை. ஒட்டினால் போதுமா?

பதில்: சகோதரி, உங்கள் கேள்விதான் இவற்றில் மிக முக்கியமானது. உங்கள் டயரைக் கெடுத்திருக்கக்கூடியது அந்த ஓட்டையல்ல, காற்றில்லாமல் ஓடிய தூரம். காற்றில்லாத டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் ரிம்முக்கும் தரைக்கும் இடையில் மடிந்து நசுங்கி, உள்ளே சூடேறி உரசுகிறது. இது வெளியே தெரியாது.

டயரைக் கழற்றியதும் உள்ளே கையை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கோப்பித்தூள் போலக் கரிய ரப்பர்த் துகள்கள் கையில் ஒட்டினாலோ, பக்கச் சுவரின் உட்புறத்தில் சுற்றுவட்டமாக ஒரு தேய்ந்த கோடு ஓடினாலோ, இழைகள் கண்ணுக்குத் தெரிந்தாலோ, அந்த டயரை ஒட்டக்கூடாது. ரிம்மில் அமரும் விளிம்பில் வெடிப்பு இருந்தாலும் அப்படித்தான். உட்புறம் வழுவழுப்பாகவும் ஒரே நிறமாகவும் இருந்தால் மட்டும் ஒட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் இது முன் டயர் என்பதை மறந்துவிடாதீர்கள். பின் டயரில் திடீரென்று காற்று போனால் வண்டி ஆடும், பெரும்பாலும் நிறுத்திவிடலாம். முன் டயரில் போனால் ஹேண்டில் நம் பிடிக்குள் நிற்காது. ஆகையால் சிறு சந்தேகம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி (நிலாவெளி): பின் டயரின் பக்கச் சுவரில் சிப்பி கிழித்துச் சிறிதாகக் காற்று கசிகிறது. டயர் வாங்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன, தடம் (தரையைத் தொடும் பள்ளங்கள் கொண்ட பகுதி) புதிதாகவே இருக்கிறது.

பதில்: மாற்றுங்கள். பக்கச் சுவர் ஓயாமல் வளைந்து நிமிரும் பகுதி என்பதால் அங்கே எந்த ஒட்டும் நிலைக்காது. தடம் புதிதாக இருப்பது இந்த முடிவை மாற்றாது.

கேள்வி (குச்சவெளி): அண்ணா, என்னுடையது ஸ்போக் சில்லும் டியூபும் உள்ள பழைய சீ.டீ. 100. புல்மோட்டை வீதியில் ஓடுகிறேன். டியூபை ஒட்டி ஒட்டியே களைத்துவிட்டேன். டயரைத்தான் மாற்ற வேண்டுமா?

பதில்: தம்பி, டியூபில் ஓட்டை எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். டியூபைக் கழற்றும்போது வால்வுக்கு நேரே டயரில் சோக்கட்டியால் ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால், ஓட்டை டயரின் எந்த இடத்துக்கு நேராக இருந்தது என்று பிறகு பொருத்திப் பார்க்கலாம்.

தரைப்பக்கத்தில், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தால், ஒடிந்த முள்ளின் நுனி டயருக்குள் தங்கியிருக்கிறது. துணியை உட்புறம் மெதுவாக இழுத்தால் அது சிக்கும் இடத்தில் முள் இருக்கும். வெறுங்கையால் தடவ வேண்டாம். அருகருகே இரண்டு கீறல்கள் விழுந்தால், குறைந்த காற்றோடு குழியில் இறங்கியபோது டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. அப்போது குற்றம் டயருடையதல்ல. காற்றைச் சரியாக வைத்திருந்தாலே போதும்.

ரிம் பக்கத்தில் விழுந்தால் நம் கடற்கரைக் காற்றைத்தான் நான் சந்தேகிப்பேன். உப்புக்காற்றில் இரும்பு ரிம்மின் உட்புறமும் ஸ்போக் முனைகளும் துருப்பிடித்து, ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் பட்டி இற்றுப்போய், துரு முனைகள் டியூபைக் குத்தத் தொடங்கும். கடலோரத்தில் ஓடும் வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். துருவைச் சுரண்டி, நீண்டு நிற்கும் ஸ்போக் முனைகளை அராவி, புதிய ரிம் பட்டி போட்ட பிறகே புதிய டியூப் போடுங்கள். வால்வின் அடியில் கிழிந்த டியூபை ஒட்ட முயல வேண்டாம். டயரை மாற்றுவதென்றால், தடப்பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்வு அடையாளத்தின் மட்டத்துக்குத் தடம் வந்துவிட்டதா என்று பார்த்து முடிவெடுங்கள். மெலிந்த தடத்தை முள் எளிதில் துளைக்கும், மாரி மழையில் அது வழுக்கவும் செய்யும்.

கேள்வி (தம்பலகாமம்): டயருக்குள் ஊற்றும் பஞ்சர்த் திரவம் நல்லதா?

பதில்: சிறு ஓட்டைக்கு உதவும், பக்கச் சுவர்க் கிழிசலுக்கு உதவாது. அது உள்ளே இருப்பதால் ஆணி ஏறியதே தெரியாமல் பல நாள் ஓடிவிடும் ஆபத்தும் உண்டு. டயரைக் கழற்றும்போது திரவம் ஊற்றியிருப்பதைத் திருத்துபவருக்குச் சொல்லிவிடுங்கள். அதை முழுவதுமாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் ஒட்டு பிடிக்காது.

கேள்வி (மூதூர்): டியூப்லெஸ் டயரில் ஓட்டை பெரிது என்று சொல்லி உள்ளே டியூப் போட்டுத் தந்திருக்கிறார்கள். பாதுகாப்பானதா?

பதில்: டியூப் காற்றைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அறுந்த இழைகள் அறுந்தபடியேதான் இருக்கும். பெரிய ஓட்டையின் வழியே டியூப் பிதுங்கித் தரையில் உரசவும் கூடும். டியூப்லெஸ் டயரில் காற்று பொதுவாக மெதுவாக இறங்கும். டியூப் கிழிந்தால் ஒரே நொடியில் போய்விடும். மனைவி பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்றால் இதைத் தொடர வேண்டாம்.

கேள்வி (கந்தளாய்): ஹபரணை வீதியில் மாலையில் பஞ்சரானால் என்ன செய்வது? எப்போதும் பெட்டியில் நார் ஒட்டும் கருவியும் சிறிய பம்பும் வைத்திருக்கிறேன்.

பதில்: கருவி வைத்திருப்பது நல்ல பழக்கம். ஆனால் அந்த வீதியில் யானைகள் கடக்கும் பகுதிகள் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் காட்டோரத்தில் குந்தியிருந்து ஒட்ட வேண்டாம். வரும் லொறியையோ பஸ்ஸையோ மறித்து உதவி கேளுங்கள், அல்லது ஆள் நடமாட்டமுள்ள கடையடி வரை தள்ளிக்கொண்டு போங்கள். பகலில் என்றால், ஆணியைப் பிடுங்குவதற்கு முன்பே நாரில் பசை பூசித் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): மாற்றத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பாவித்த டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா? புதிது என்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பாவித்த டயரின் உட்புறத்தை உங்கள் கண்ணால் பார்க்க முடியாவிட்டால் வாங்காதீர்கள். பலமுறை ஒட்டிய டயரைத்தான் ஒருவர் விற்றிருக்கக்கூடும்.

எந்த டயரிலும் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து வருடம் கடந்த டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்பதும், பத்து வருடத்துக்கு மேல் பாவிக்கக்கூடாது என்பதும் மிச்செலின் போன்ற தயாரிப்பாளர்களின் அறிவுரை. கடையில் நெடுநாள் வெயிலில் தொங்கிய டயர் புதிதென்று பெயருக்கு மட்டுமே புதிது.

அளவுக்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும் பாருங்கள். 55P என்றால் 218 கிலோ வரை சுமக்கும், மணிக்கு 150 கிலோமீற்றர் வரை தாங்கும். வண்டியோடு வந்த டயரிலுள்ளதை விடக் குறைந்ததை வாங்க வேண்டாம். டியூப்லெஸ் என்றால் வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பூட்டி முடிந்ததும், பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சில்லு முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டுகிறதா என்றும், ரிம் ஓரமாக ஓடும் மெல்லிய கோடு சுற்றிவர ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கோடு ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக அமரவில்லை. காற்றை இறக்கி, ஓரத்தில் சவர்க்கார நீர் தடவி, மீண்டும் ஏற்றச் சொல்லுங்கள்.