வாசலில் கார் வேலை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

வந்த கேள்விகளில் ஆறை எடுத்திருக்கிறேன். வாரன்டி முடியாத வண்டி வைத்திருப்பவர்கள் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஸ்பானரைத் தொட வேண்டாம்.

திருமங்கலம்: அண்ணே, 2013 டீசல் வண்டி. கப்பலூர் டோல்கேட் வரிசையில் நின்றால் ஹீட் முள் ஏறுகிறது, நகர்ந்தால் இறங்கிவிடுகிறது. ரேடியேட்டருக்கு போர் தண்ணீர்தான் ஊற்றி வருகிறேன். அதுதான் காரணமா?

தம்பி, நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

அதற்காக போர் தண்ணீர் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் பாத்திரத்தில் என்ன செய்கிறது என்று வீட்டில் கேளுங்கள். அதே வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்தும் வெறும் தண்ணீரில் கிடையாது.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும். கழுத்துக்குள் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, தண்ணீர் செம்மண் கரைத்த நிறமா, மூடியின் ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். பலர் மூடியை மதிப்பதே இல்லை. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ரப்பர் போயிருந்தால் முதலில் மூடியை மாற்றுங்கள், செலவும் குறைவு.

பிறகு பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். அப்புறம் உங்கள் வண்டிக்கான கூலன்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. கலந்தே வரும் கேன் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. வடித்ததைத் தெருவில் கொட்டாதீர்கள். கூலன்ட் இனிக்கும். நாயோ ஆடோ நக்கினால் செத்துப்போகும்.

செல்லூர்: 2024 அக்டோபரில் மதுரையில் பெய்த மழை மாதிரி மறுபடி வந்து, நின்ற காருக்குள் தண்ணீர் புகுந்தால், வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பார்க்கவே கூடாது. சாவியைக்கூடப் போடாதீர்கள். பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டாதவர்கள் ஸ்டார்ட் செய்து கெடுத்தால், அந்தச் செலவு பெரும்பாலும் கைக்காசுதான்.

வில்லாபுரம்: எஞ்சின் ஆயிலை நானே மாற்ற ஆசை. ஸ்டெப்னி ஜாக்கி போட்டு, பக்கத்தில் செங்கல் அடுக்கினால் போதாதா?

போதாது. அந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாக நொறுங்கும். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு இரண்டு வாங்குங்கள். சிமென்ட் தரை வேண்டும். சித்திரை வெயிலில் இளகிய தார் ரோட்டில் ஸ்டாண்டு கால் புதைந்துவிடும். பின் டயர்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மேனுவலில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டை வையுங்கள். உள்ளே போவதற்கு முன் வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

ஆயில் வடிந்ததும் புது வாஷர் போட்டு, ஆயில் வடிக்கக் கழற்றிய டிரெய்ன் போல்ட்டைக் கையாலேயே சில சுற்று ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் விரலுக்கே தெரியும். அதன் பிறகுதான் ஸ்பானர். அலுமினிய ஆயில் பேனில் மரை போனால் மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பல மடங்கு செலவு வைக்கும். பழைய ஆயிலைக் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள், சாக்கடையில் விடாதீர்கள். என்னைக் கேட்டால், ஸ்டாண்டு வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் ஆயிலை வாங்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று மாற்றிக்கொள்வதே மேல்.

மேலூர்: குவாரித் தூசி. ஏர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாமா?

காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது. பஞ்சர் கடைக் காற்றை நெருக்கிப் பிடித்து அடித்தாலும் காகிதம் கிழியும். தட்டி உதறுங்கள், மேனுவலில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். ஏசி காற்று குறைந்திருந்தால், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் பாருங்கள். பல கார்களில் அது க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும்.

ஒத்தக்கடை: வாரம் ஒருமுறைதான் காரை எடுப்பேன். காலையில் சாவி போட்டால் 'டக் டக்' என்கிறது. பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. புது பேட்டரி வாங்கணுமா அண்ணே?

இப்போதே வாங்க வேண்டாம்மா. முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துப் பூ கரையும். கரைசல் பேட்டரிக்குள் இறங்கக் கூடாது. துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாஸ்லின்.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் கிட்டத்தட்டப் பாதி. எஞ்சின் ஓடும்போது 14 பக்கம் ஏற வேண்டும். ஏறவே இல்லையென்றால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்து, சார்ஜ் ஏற்றிய பேட்டரியே ராத்திரியில் இறங்கிவிட்டால், ஏதோ ஒன்று கரன்டை உறிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டுப் புதுசைப் பற்றி யோசிக்கலாம்.

உசிலம்பட்டி: பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. வாங்கி ஊற்றிவிடட்டுமா?

ஏன் குறைந்தது என்று தெரியாமல் ஊற்றாதீர்கள். பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், எங்காவது ஒழுகினாலும் இறங்கும். நான்கு சக்கரத்தின் உள்பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தெரிந்தாலோ, பெடல் மெத்தென்று இறங்கினாலோ ஓட்டிப்போக வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.