ஒரு வேளைச் சமையலை முழுசாக ஒப்படையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 16 வயது, மகனுக்கு 13. இன்னும் இரண்டு வருடத்தில் மகள் படிப்புக்காக வெளியூர் போய்விடுவாள். அறை எடுத்துத் தனியாகத் தங்க வேண்டியிருக்கும். வீடியோ பார்த்து கேக் செய்கிறாள், நன்றாகவே வருகிறது. ஆனால் சோறு வைக்கச் சொன்னால் குழைந்துவிடுகிறது, இல்லையென்றால் அடிப்பிடிக்கிறது. நான் பக்கத்தில் நின்றால் சரியாகச் செய்கிறாள். கொஞ்சம் நகர்ந்தால் “அம்மா, அடுத்து என்ன?” என்று கூப்பிடுகிறாள். மகனும் ஆசையாக அடுப்படிக்கு வருகிறான், ஆனால் கத்தி, கேஸ் என்றாலே என் கணவருக்குப் பயம். இதற்கு நடுவே, அடுத்த மாதம் தோழிகள் 6 பேரை அழைத்துத் தானே சமைத்துப் போடப்போவதாக மகள் சொல்லிவிட்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் இதுவரை சமைக்கவில்லை, சமையலுக்கு உதவியிருக்கிறாள். வெங்காயம் நறுக்கு, இதைக் கிளறு, அதை இறக்கு என்று நீங்கள் சொல்லச் சொல்லச் செய்கிறாள். தீயை எப்போது குறைப்பது, உப்பு போதுமா, வெந்துவிட்டதா என்கிற முடிவுகள் எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. சமையல் என்பதே அந்த முடிவுகள்தான். ஆகவே வாரத்தில் ஒரு வேளையை முழுசாக அவளிடம் ஒப்படையுங்கள். என்ன இருக்கிறது, என்ன வாங்க வேண்டும் என்று பார்ப்பதில் தொடங்கி, பரிமாறி, பாத்திரம் கழுவி, அடுப்பைத் துடைப்பது வரை அவள் பொறுப்பு. நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். “அடுத்து என்ன?” என்று குரல் வந்தால், “மூடியைத் திறந்து பார், என்ன தெரிகிறது?” என்று மட்டும் கேளுங்கள்.

சோறு, பருப்பு, ஒரு காய், முட்டை. இது போதும். இதையே நான்கு வாரம் செய்யட்டும். வாரம் ஒரு புது பதார்த்தம் என்று போனால் எதுவும் கையில் படியாது. அதையே திரும்பச் செய்யும்போதுதான் போன வாரம் ஏன் குழைந்தது, இந்த வாரம் ஏன் குழையவில்லை என்று ஒப்பிட முடியும்.

கேக் நன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. கேக்கில் முடிவுகள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன: இத்தனை கிராம், இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். அடுப்புச் சமையலில் பாத்திரத்தின் கனம், தீயின் அளவு, அரிசி பழசா புதுசா என்பது எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் அளவைக் கொடுங்கள், பிறகு அடையாளத்தைக் கொடுங்கள். “கண் அளவு, கை அளவு” என்பது பல முறை அளந்தவர்களுக்கே வரும்.

சோற்றிலிருந்தே பார்ப்போம். 1 கப் வெள்ளை அரிசிக்கு 2 கப் தண்ணீர், அடி கனமான பாத்திரம், இறுக்கமான மூடி. கழுவிய அரிசியை நன்றாக வடித்துவிட்டுப் போட வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். ஊறவைத்த அரிசி என்றால் ஏற்கெனவே கொஞ்சம் குடித்திருக்கும், கால் கப் குறைக்கலாம். கொதி வந்ததும் தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து மூடி, 12 முதல் 15 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு திறக்காமல் 10 நிமிடம் விட வேண்டும். பல பேர் விட்டுவிடுவது இந்தப் 10 நிமிடத்தைத்தான். மேலே உலர்ந்தும் கீழே ஈரமாகவும் இருக்கும் சோறு அந்த நேரத்தில்தான் ஒரே பதமாகிறது. அடிப்பிடித்தால் தீ அதிகம், அல்லது பாத்திரம் மெல்லியது. குழைந்தால் தண்ணீர் அதிகம், அல்லது நடுவே கிளறியிருக்கிறாள். தண்ணீர் வற்றியும் பருக்கையின் நடுவே விதை விதையாக இருந்தால், மூடியை அடிக்கடி திறந்து ஆவியை விட்டிருக்கிறாள். கால் கப் சுடுதண்ணீரைத் தெளித்து, மூடி, சிம்மில் 5 நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். புழுங்கலுக்கும் தவிட்டரிசிக்கும் தண்ணீரும் கூடும், நேரமும் கூடும்.

இதிலேயே தோழிகளுக்கான சமையலின் கணக்கும் இருக்கிறது. 1 கப் அரிசி குடிப்பது ஏறக்குறைய ஒன்றேகால் கப் தண்ணீரைத்தான். மீதி முக்கால் கப் ஆவியாகப் போகிறது. அந்த ஆவி பாத்திரத்தையும் மூடியையும் நேரத்தையும் பொறுத்தது. அரிசி கூடியதற்காக அது அதே அளவில் கூடாது. ஆகவே 3 கப் அரிசிக்கு 6 கப் ஊற்றினால் கஞ்சியாகும், நாலரை கப் போதும். தனி ஆளுக்கு இதே கணக்கு தலைகீழாகும். கால் கப் அரிசியை மட்டும் வேகவைப்பது கடினம், தண்ணீர் ஆவியாகித் தீர்ந்து அடிப்பிடிக்கும். அறையில் தங்குகிறவர்கள் 1 கப் வைத்து, பாதியை மறுநாளுக்கு எடுத்துவைப்பதே புத்திசாலித்தனம்.

எடுத்துவைப்பதற்கு ஒரு விதி இருக்கிறது, அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கவைத்தாலும் அவை சாவதில்லை. சோறு சமைத்த பாத்திரத்திலேயே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எனவே மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஒரு நாளுக்குள், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே முறை சாப்பிட வேண்டும். “முகர்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது” என்பது இங்கே செல்லாது.

பருப்பு வேகவில்லை என்று பிள்ளைகள் சொன்னால், தக்காளியையோ எலுமிச்சையையோ எப்போது சேர்த்தார்கள் என்று கேளுங்கள். புளிப்பு இருந்தால் பருப்பும் உருளைக்கிழங்கும் மசியாமல் அடம்பிடிக்கும். முதலில் வேகட்டும், பிறகு புளிப்பு. சுண்ணாம்பு மிகுந்த கடினத் தண்ணீராலும், ரொம்ப நாள் கிடந்த பருப்பாலும் இதே தொல்லை வரும். சிவப்பு ராஜ்மாவைப் பற்றி மட்டும் தனியாக எச்சரிக்கிறேன். அதை 5 மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்கவிட்ட பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம், அரைவேக்காட்டில் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கொதிநிலைக்கே போகாமல் மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போடவே கூடாது.

குக்கர் வைக்கும்போது முக்கால்வாசி நிரப்பும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். பொதுவாக மூன்றில் இரண்டு பங்கு, நுரைத்துப் பொங்கும் பருப்பு என்றால் பாதி. ஒவ்வொரு முறையும் மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெயிட் உட்காரும் துவாரம் வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபக்கம் தெரிந்தால் அடைப்பில்லை. பிரஷர் தானாக இறங்கும் வரை மூடியில் கை வைக்கக் கூடாது.

காய் பொரியாமல் வெந்து கூழாவது எல்லா இளம் சமையல்காரர்களுக்கும் நடக்கும். தண்ணீர் இருக்கும்வரை வாணலிக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நிறம் மாறிச் சிவக்க சுமார் 140 டிகிரி வேண்டும். கழுவிய காயைத் துடைக்காமல், வாணலி நிறைய ஒரே தடவையில் கொட்டினால், காய் விடும் தண்ணீரிலேயே அது வேகும். ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, பிறகு புரட்ட வேண்டும். ஆள் அதிகம் என்றால் இரண்டு ஈடாகச் செய்யட்டும். வெங்காயம் பொன்னிறமாக 5 நிமிடம் என்று வீடியோவில் சொல்வதை நம்ப வேண்டாம். நடுத்தரத் தீயில் 3 பெரிய வெங்காயத்துக்கு 20 நிமிடமாவது ஆகும். வீடியோவில் வெட்டி எடுக்கப்படுவது காத்திருக்கும் நேரம்தான், உங்கள் மகள் பழக வேண்டியதும் அதுவே.

உப்புக்கு ஒரு கைகாட்டி: தலைதட்டி அளந்த 1 டீஸ்பூன் தூள் உப்பு 5 முதல் 6 கிராம். 1 கிலோ குழம்புக்கு 10 கிராம் வரை தாங்கும், அதாவது 2 டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் பாதியைப் போட்டு, வற்றி முடிந்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேர்க்க வேண்டும். குழம்பு வற்ற வற்ற உப்பு தூக்கலாகும். கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. உப்பில்லாத பருப்பையோ காயையோ சேர்த்து அளவைப் பெருக்குவதே வழி. முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கினால் உரிக்க எளிது. 7 நிமிடத்தில் மஞ்சள் கரு இளகலாக இருக்கும், 11 நிமிடத்தில் கெட்டியாகும். அதற்கு மேல் விட்டால் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும், சாப்பிடலாம்.

இனி மகனைப் பற்றி. உங்கள் கணவரின் பயம் நியாயமானது. ஆனால் 16 வயதில் தனியாக முதல் தடவை கத்தியைப் பிடிப்பதைவிட, 13 வயதில் அப்பா பக்கத்தில் நிற்கப் பிடிப்பது நல்லது. அவரையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் பலகை நகராது. உருண்டையான காயை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கி, கத்தியின் பக்கவாட்டு விரல் முட்டிகளைத் தொட்டபடி ஏறி இறங்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்குப் பின்னால். மழுங்கின கத்திக்குப் பலம் கொடுத்து அழுத்த வேண்டியிருக்கும், வழுக்குவது அப்போதுதான். ஆகவே கூரான கத்தியையே கொடுங்கள். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாமல் காலைப் பின்னால் எடுக்க வேண்டும்.

தீயைப் பற்றிச் சொன்னால் மட்டும் போதாது, ஒத்திகை பார்க்க வேண்டும். அடுப்பை மூட்டாமல், காலி வாணலியை வைத்து, “எண்ணெய் பற்றிக்கொண்டது” என்று சொல்லுங்கள். அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடி, அப்படியே விட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் அது கண நேரத்தில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் தூக்கியடிக்கும். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கூடாது. கை தானாகப் போகும் வரை இருவரும் செய்து பார்க்கட்டும். சூடான பாத்திரத்தை ஈரத்துணியால் பிடித்தால் ஈரம் வழியாகச் சூடு கைக்கு வந்துவிடும், துணி காய்ந்திருக்க வேண்டும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். கேஸ் நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிட வேண்டும்.

தோழிகள் வரும் நாளுக்கு வருவோம். முதல் வேலை, யாருக்கு எது ஒவ்வாது, யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று ஆறு பேரிடமும் கேட்பது. கடலை, முட்டை, பால் ஒவ்வாமையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்குப் புதிதாக எதையும் முயல வேண்டாம். நான்கு வாரம் செய்து பழகியதையே செய்யட்டும். அவளோடு சேர்த்து 7 பேருக்கு 3 கப் அரிசி, ஒரு பெரிய பாத்திரம் பருப்புக் குழம்பு, அடுப்பே தேவைப்படாத பச்சைக் காய்கறிக் கலவை ஒன்று. குழம்பை முந்தின நாள் மாலையே செய்து, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணச் சொல்லுங்கள். 1 மணிக்குச் சாப்பாடு என்றால் 12:45க்குச் சோற்றின் அடுப்பை அணைக்க வேண்டும், ஆகவே 12:15க்கு ஏற்ற வேண்டும். பெரிய அளவு கொதிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். 11:45க்குக் குழம்பு மறுபடி அடுப்பில். நறுக்குவது எல்லாம் 11:30க்குள் முடிந்து, பலகை கழுவியாகியிருக்க வேண்டும். கோழி சமைப்பதாக இருந்தால் அதற்குத் தனிப் பலகை. கோழியைக் குழாயடியில் கழுவினால் தெறிக்கும் துளிகளே கிருமியைப் பரப்பும், அதைக் கழுவவே வேண்டாம். தடிமனான துண்டின் நடுவில் 74 டிகிரி வர வேண்டும். அளக்கும் கருவி ஒன்று வாங்கிக் கொடுங்கள், அறைக்கும் எடுத்துப்போவாள்.

வீட்டுக்குச் சமைக்கும் நாட்களில் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. தட்டில் வந்ததைச் சாப்பிடும்போது திருத்தாதீர்கள்; நீங்கள் எழுந்து போய்த் தாளித்துச் சரிசெய்யவும் வேண்டாம். மறுநாள், “நேற்று பருப்பில் உப்பு எப்போது போட்டாய்?” என்று கேளுங்கள். அவளே சொல்வாள். எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள்: தேதி, அளவு, நேரம், என்ன ஆனது. எந்த பர்னரில் வைத்தாள் என்பதையும் எழுதட்டும். ஒவ்வொரு பர்னருக்கும் சிம் ஒரே மாதிரி இருக்காது.