ரூம் சுவத்துல ஒட்டுன நோட்டீஸ் – கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,

மாமல்லபுரத்துல சின்னதா ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துறேன், வர்றவங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்கதான். 2025 மார்ச்ல ஹம்பி பக்கம் அந்த இஸ்ரேல் பொண்ணுக்கு நடந்த கொடுமைக்கு அப்புறம் "உங்க ஊர் சேஃபா"ன்னு மெயில் வர ஆரம்பிச்சது, சில பேர் கேன்சலே பண்ணிட்டாங்க. எனக்கு பயம் வந்துருச்சு, நம்மகிட்ட தங்குறவங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்ன பண்றதுன்னு. அதனால இங்கிலீஷ்ல ஒரு நோட்டீஸ் அடிச்சு எல்லா ரூம் சுவத்துலயும் ஒட்டினேன். இருட்டுனதுக்கு அப்புறம் பீச்சுக்கு போகாதீங்க, உடம்ப மூடுற மாதிரி டிரஸ் போடுங்க, யாராவது வந்து பேசுனா சிரிக்காதீங்க, குடிக்காதீங்க, தனியா ஆட்டோ ஏறாதீங்க, இப்படி ஒரு பக்கம் முழுக்க.

வருஷா வருஷம் வர்ற பிரெஞ்சு அம்மா ஒருத்தங்க அதை நின்னு முழுசா படிச்சுட்டு, "இதை எனக்கு ஏன் குடுக்குற, உங்க ஊர் ஆம்பளைங்களுக்கு குடு"ன்னு சொல்லிட்டாங்க. மனசுக்கு கஷ்டமா போச்சுண்ணா. அக்கறையிலதான போட்டேன், அது தப்பா? மத்த நாட்டுல இந்த மாதிரி நடந்தா என்ன பண்றாங்க? சேஃபான்னு கேக்குறவங்களுக்கு நான் என்னன்னு பதில் எழுதுறது? என் பேர் போட வேணாம்.

– ஒரு வாசகர், மாமல்லபுரம்

*

தம்பி,

உங்க அக்கறையில எனக்கு சந்தேகம் இல்ல, அந்த அம்மாவுக்கும் இருந்திருக்காது, இருந்திருந்தா வருஷா வருஷம் உங்ககிட்டயே வந்து தங்க மாட்டாங்க. ஆனா அவங்க சொன்னதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்லணும்னா 1993-ல மியாமியில நடந்ததைச் சொல்லணும், அங்கயும் இதே மாதிரி ஒரு நோட்டீஸ் இருந்துச்சு.

1992 அக்டோபர்ல இருந்து 1993 செப்டம்பருக்குள்ள, ஒரு வருஷம் கூட முழுசா ஆகல, அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல மட்டும் 9 வெளிநாட்டு டூரிஸ்ட்டுங்க கொல்லப்பட்டாங்க. அப்பவே வருஷத்துக்கு சுமார் 4 கோடி பேர் சுத்திப் பாக்க வந்த மாநிலம் அது, டிஸ்னி இருக்கு, பீச் இருக்கு, அந்த ஊர் பொழப்பே இதுலதான். ஏப்ரல்ல பெர்லின்ல இருந்து வந்த ஒரு பொண்ணு, கூட அம்மாவும் ரெண்டு சின்னப் பிள்ளைங்களும், ஏர்போர்ட்ல வாடகைக் கார் எடுத்துக்கிட்டு ஓட்டலுக்குப் போற வழியில பாதை மாறிட்டாங்க. பின்னாடி ஒரு கார் வந்து லேசா இடிச்சுது. நம்ம யாரா இருந்தாலும் என்ன பண்ணுவோம், இறங்கி என்ன ஆச்சுன்னு பாப்போம், அந்தப் பொண்ணும் இறங்குனா, அடிச்சு பணத்தைப் பிடுங்கிட்டு அவ மேலயே காரை ஏத்திட்டுப் போயிட்டாங்க, பெத்த அம்மாவும் பிள்ளைங்களும் காருக்குள்ள இருக்கும்போதே. வேணும்னே பின்னாடி இடிச்சு இறங்க வெச்சு கொள்ளையடிக்கிறது அப்ப அங்க ஒரு தொழிலாவே நடந்துட்டு இருந்துச்சு.

உடனே எல்லாரும் என்ன பண்ணாங்கன்னா நீங்க பண்ணதத்தான் பண்ணாங்க, டூரிஸ்ட்டுங்களுக்கு நோட்டீஸ் குடுத்தாங்க. யாராவது பின்னாடி இடிச்சா நிறுத்தாதீங்க, வெளிச்சமா ஆள் நடமாட்டம் இருக்கிற இடம் வரைக்கும் ஓட்டிட்டே போங்கன்னு. செப்டம்பர்ல ஜெர்மனியில இருந்து ஒரு ஜோடி, மனைவி கர்ப்பிணி, ஏர்போர்ட்ல இறங்கி கார் எடுத்துக்கிட்டு எக்ஸ்பிரஸ்வேல போறாங்க, புருஷன் ஓட்டுறான், பக்கத்துல உக்காந்து இவ அந்த நோட்டீஸை சத்தமா வாசிச்சுக் காட்டிட்டு வர்றா. அப்பத்தான் பின்னாடி வண்டி இடிக்குது. அவன் நிறுத்தல. நோட்டீஸ்ல போட்டிருந்தபடி அப்படியே ஓட்டிட்டுப் போனான். இடிச்ச வண்டி பக்கத்துல வந்து அவனை சுட்டுட்டாங்க, அங்கயே முடிஞ்சுது.

இதை நான் முதல்ல படிச்சப்ப ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல எனக்கு. சொன்னபடி எல்லாமே சரியா செஞ்சவன் அவன். அது நடந்து ஒரு வாரத்துக்குள்ள, ஹைவே ஓரத்துல ஓய்வெடுக்கன்னு கவர்ன்மென்டே கட்டி விட்ட இடத்துல காரை நிறுத்திட்டு தூங்கிட்டு இருந்த ஒரு பிரிட்டிஷ்காரரை சுட்டுக் கொன்னாங்க, அந்தக் கேஸ்ல பிடிபட்டவங்கள்ல ஒரு பையனுக்கு 13 வயசு. அந்த மாநிலம் தன்னோட சுற்றுலா விளம்பரத்தையே கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுது, வாங்கன்னு கூப்பிட வாய் வரல. ஜெர்மன், பிரிட்டிஷ் பேப்பர் முழுக்க இதுதான், அடுத்த வருஷம் வர்ற கூட்டமும் குறைஞ்சுது.

அதுக்கு அப்புறம்தான் அவங்க உருப்படியா யோசிச்சாங்க. இவ்ளோ கார் ஓடுற ரோட்டுல இது டூரிஸ்ட் வண்டின்னு கொள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியுதுன்னு பாத்தா, தெரியுற மாதிரி வெச்சதே கவர்ன்மென்ட்டும் கம்பெனிகளும்தான். வாடகைக் காருக்குன்னு தனி நம்பர் பிளேட், Y இல்லன்னா Z எழுத்துல ஆரம்பிக்கும், போதாததுக்கு பின்னாடி பம்பர்ல கம்பெனி பேர் போட்ட ஸ்டிக்கர் வேற. உள்ள இருக்கிறவன் வெளியூர்க்காரன், கையில காசும் கேமராவும் வெச்சிருக்கான், வழி தெரியாது, ரெண்டு வாரத்துல ஊருக்குப் போயிடுவான், கோர்ட்டுக்கு வர மாட்டான், இது அத்தனையும் அந்த ஒரு பிளேட்டைப் பாத்தாலே தெரிஞ்சுடும். அந்த பிளேட்டை எடுத்தாங்க, ஸ்டிக்கரை எடுக்க வெச்சாங்க, எல்லா வண்டியும் மத்த வண்டி மாதிரியே ஆச்சு. ஏர்போர்ட்ல இருந்து பீச்சுக்குப் போற வழி முழுக்க ஆரஞ்சு கலர்ல சூரியன் படம் போட்ட போர்டு வெச்சாங்க, அந்த சூரியனைப் பாத்துட்டே போனா போதும், ஏன்னா வழி தவறித்தான் நிறைய பேர் மாட்டிக்கிட்டாங்க. ஹைவே ஓய்விடங்கள்ல ராத்திரிக் காவல் போட்டாங்க. டூரிஸ்ட்டுங்க கிட்ட நடக்குற வழிப்பறி நல்லாவே குறைஞ்சுது.

டூரிஸ்ட் எதையும் புதுசா கத்துக்கல பாருங்க. மாறுனது எல்லாம் அந்த ஊரு.

நம்ம நாட்டுல இந்த யோசனையே இன்னும் வரல. கோவாவுக்குப் போய் ரெண்ட் பைக் எடுத்துப் பாருங்க, கருப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து, ஓட்டுறவன் வெளியூருன்னு தெருவுல நிக்கிற எல்லாருக்கும் தெரியும். எல்லா ஊர்லயும் வாடகை வண்டி பர்மிட்டுக்காக வெச்ச விதி அது, யாரும் கெட்ட எண்ணத்துல வெக்கல, ஃப்ளோரிடாவுலயும் யாரும் கெட்ட எண்ணத்துல வெக்கல. வெள்ளைத் தோலை மறைக்க முடியாது, அது வேற விஷயம், ஆனா மறைக்க முடியுறதையாவது மறைக்கலாம்ல.

ஒண்ணு இங்க சொல்லியே ஆகணும். அந்த 1993-ல ஃப்ளோரிடாவுல மொத்தமா நடந்த கொலை ஆயிரத்துக்கு மேல. அதுல செத்த உள்ளூர்க்காரனுக்காக, அந்த ஏழைத் தெருவுல இருக்குற கறுப்பினப் பிள்ளைங்களுக்காக எந்த பிளேட்டும் மாறல. நீங்களும் உங்க லெட்டர்ல "இஸ்ரேல் பொண்ணுக்கு நடந்த கொடுமை"ன்னுதான் எழுதியிருக்கீங்க. ஹம்பி பக்கம் சானாப்பூர்ல அன்னைக்கு ராத்திரி நட்சத்திரம் பாக்கலாம்னு அந்த இஸ்ரேல் பொண்ணையும் மத்த டூரிஸ்ட்டுங்களையும் கூட்டிட்டுப் போனது ஹோம்ஸ்டே நடத்துற உள்ளூர்ப் பொண்ணு, உங்க தொழில்தான் அவளுக்கும், அவளுக்கும் அதே பாலியல் கொடுமைதான் நடந்துச்சு. கூட இருந்த மூணு ஆம்பளைங்களை கால்வாய்ல தள்ளி விட்டதுல ஒடிசாப் பையன் ஒருத்தன் செத்தே போயிட்டான். நியூஸ்ல அவன் கடைசி வரியில வந்தான். உங்களைக் குறை சொல்லல தம்பி, நியூஸ் அப்படித்தான் குடுத்தாங்க, நம்மளும் அப்படித்தான் ஞாபகம் வெச்சிருக்கோம். டூரிஸ்ட்டுக்குன்னு தனியா ஒரு பாதுகாப்பு கிடையாது, அந்த ஊர்ப் பொண்ணு ராத்திரி நடக்க முடியுற ரோட்டுலதான் வெளிநாட்டுப் பொண்ணும் நடக்க முடியும்.

அடுத்தது கேஸ். இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. டூரிஸ்ட்டைத் தொட்டா அவன் திரும்பி வந்து சாட்சி சொல்ல மாட்டான்ங்கிற தைரியம் இருக்கே, அதை உடைக்காம எதுவும் மாறாது. கோவாவுல 2008-ல 15 வயசு பிரிட்டிஷ் பொண்ணு பீச்சுல செத்துக் கிடந்தா, போலீஸ் முதல்ல தண்ணியில முழுகிட்டான்னு எழுதுனாங்க, அவ அம்மா சண்டை போட்டு ரெண்டாவது போஸ்ட்மார்ட்டம் பண்ண வெச்சதுக்கு அப்புறம்தான் கேஸே ஆச்சு. முக்கியமான சாட்சி பிரிட்டிஷ்காரர், அவர் கோர்ட்டுக்கு வரல. 2016-ல எல்லாரும் விடுதலை. சிபிஐ ஹைகோர்ட்டுக்குப் போய் 2019-ல ஒருத்தனுக்கு 10 வருஷம் தண்டனை வாங்கிக் குடுத்துச்சு, மொத்தம் 11 வருஷம் அந்த அம்மா இதுக்காக இங்கயும் அங்கயுமா அலைஞ்சாங்க. இத்தனைக்கும் வெளிநாட்டுல இருக்குற சாட்சியை வீடியோவுல விசாரிக்கலாம்னு நம்ம சுப்ரீம் கோர்ட் 2003-லயே சொல்லிடுச்சு, அந்தக் கேஸ்லயும் சாட்சி ஒரு அமெரிக்க டாக்டர்தான். ஃப்ளோரிடாவுல அர்ஜென்டினா ஜோடி ஒண்ணை வழிப்பறி பண்ண கேஸ்ல அவங்க ஊருக்குப் போன அப்புறம் சாட்டிலைட் வழியா சாட்சி சொன்னாங்க, அது செல்லும்னு அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 1998-ல தீர்ப்பு குடுத்துச்சு. இப்ப நம்ம புது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்லயும் வீடியோ விசாரணைக்கு இடம் இருக்கு. சட்டம் இருக்கு, ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் போடுறப்பவே இவங்க அடுத்த வாரம் நாட்ல இருக்க மாட்டாங்கன்னு நினைச்சு வேலை பண்ணணும், அது எல்லா இடத்துலயும் நடக்கல.

இலங்கையில தங்காலையில 2011 கிறிஸ்மஸ் ராத்திரி ஓட்டல்ல தங்கியிருந்த பிரிட்டிஷ் இளைஞர் ஒருத்தரை, செஞ்சிலுவைச் சங்கத்துல வேலை பாத்தவர், கொன்னுட்டாங்க. முக்கியக் குற்றவாளி அப்ப இருந்த ஆளுங்கட்சியோட உள்ளூர் பிரதேச சபைத் தலைவர். கேஸ் இழுத்துக்கிட்டே போச்சு, பிரிட்டன்ல இருந்து விடாம அழுத்தம் குடுத்துட்டே இருந்தாங்க, 2014-ல 20 வருஷம் ஜெயில் தண்டனை வந்துச்சு. அழுத்தம் குடுக்க ஒரு நாடே பின்னாடி இருந்தும் ரெண்டரை வருஷம். அதே தங்காலையில உள்ளூர்த் தமிழனோ சிங்களவனோ செத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் நினைச்சுப் பாக்குறது உண்டு.

இப்ப உங்க நோட்டீசுக்கு வர்றேன். முழுசா கிழிக்க வேணாம். டிரஸ், சிரிப்பு இது ரெண்டையும் மொதல்ல எடுத்துடுங்க, சானாப்பூர்ல வந்தவனுங்க டிரஸ்ஸைப் பாக்கல, பெட்ரோல் எங்க கிடைக்கும்னு கேட்டுட்டு அப்புறம் காசு கேட்டாங்க. அதுக்கு பதிலா கடல்ல எந்தப் பக்கம் இழுக்கும்னு எழுதுங்க, அது அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ராத்திரி எந்தத் தெருவுல லைட் இருக்கு, எந்தத் தெருவுல இல்லன்னு எழுதுங்க, இல்லாத தெருவுக்கு பேரூராட்சியில, இப்ப நகராட்சி ஆகிடுச்சு, நாலு கெஸ்ட் ஹவுஸ்காரங்களா சேந்து போய் மனு குடுங்க. 112 போடுங்க, சுற்றுலா அமைச்சகத்தோட 1363 போடுங்க, அது 24 மணி நேரமும் உண்டு, ஃபிரெஞ்ச், ஜெர்மன், ரஷ்யன்னு 12 மொழியில பேசுறாங்க. எல்லாத்துக்கும் மேல உங்க செல் நம்பர், எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன்னு.

அப்புறம் ஒரு ஆள் ராத்திரி ரூமுக்கு வரலேன்னா விடியட்டும்னு இருக்காதீங்க. 2018-ல கேரளாவுல இருக்குற கோவளத்துல லாத்வியாக்காரப் பொண்ணு காணாம போனப்ப அவ கூடப் பொறந்தவதான் போஸ்டர் ஒட்டிட்டுத் தெருத் தெருவா அலைஞ்சா, டூரிஸ்ட்தான, எங்கயாவது சுத்திட்டு வந்துருவாங்கன்னு ஆரம்பத்துல மெத்தனமா இருந்துட்டாங்கன்னு அந்தக் குடும்பம் கடைசி வரைக்கும் சொல்லுச்சு. ஒரு மாசத்துக்கு மேல ஆகி சதுப்புக் காட்டுல உடம்பு கிடைச்சுது. ரெண்டு பேருக்கு ஆயுள் தண்டனை வந்தது 2022 டிசம்பர்ல. நீங்க 24 மணி நேரத்துக்குள்ள வெளிநாட்டு விருந்தாளிங்க விவரத்தை கவர்ன்மென்ட்டுக்கு ஆன்லைன்ல ஏத்துறீங்கல்ல, ஃபார்ம் சின்னு சொல்லுவோமே, அதுல பாஸ்போர்ட், விசா, ஃபோட்டோ எல்லாம் இருக்கு, அந்த பிரிண்ட்டை எடுத்துக்கிட்டு அன்னைக்கு ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போங்க. பாஷை தெரியாத ஊர்ல அவங்க கூட வந்தவங்க தனியா போய் நிக்கிறதுக்கும் உள்ளூர்க்காரர் நீங்க கூடப் போய் நிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

சேஃபான்னு கேக்குறவங்களுக்கு நூறு சதவீதம் சேஃப்னு எழுதாதீங்க, அது யாராலயும் சொல்ல முடியாத வார்த்தை. 2021-22-ல தாஜ்மஹாலுக்கு வந்த வெளிநாட்டுக்காரங்க 38,922, மாமல்லபுரத்துக்கு 1,44,984, இது தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களோட கணக்கு, வேணும்னா அதைச் சொல்லுங்க, ஆனா பயந்து போய் கேக்குறவங்களுக்கு கணக்கு போதாது. ஏர்போர்ட்டுக்கு எனக்குத் தெரிஞ்ச டிரைவரை அனுப்புறேன், அவர் ஃபோட்டோவும் வண்டி நம்பரும் முன்னாடி நாளே வாட்ஸ்அப்ல வரும், ராத்திரி முழுக்க ரிசப்ஷன்ல என் குடும்பத்துல ஒருத்தர் இருப்போம், ஏதாவது நடந்தா நானே கூட ஸ்டேஷனுக்கு வருவேன்னு எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி இதுல எதெல்லாம் உங்களால நிஜமா செய்ய முடியும்னு வீட்ல உக்காந்து பேசிக்குங்க, முடியாததை எழுதாதீங்க.