ஏழு நொப் வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கலியாண மண்டபங்களில் பைலா, ஞாயிறு காலையில் தேவாலயப் பாடகர் குழு, இரண்டிலும் பேஸ் வாசிக்கிறேன். இப்போது ஐந்து தந்தி பேஸ் கிற்றார் ஒன்று செய்விக்கிறேன். உடல் மரம் வெட்டியாயிற்று, தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்களுக்கான குழிகள் இன்னும் தோண்டவில்லை. பி, மியூசிக் மேன், ஜே என்று மூன்று பிக்அப், பற்றரியில் ஓடி ஒலியைக் கூட்டும் ஆக்டிவ் ப்ரீஆம்ப், மூன்று சுவிட்ச், ஏழு நொப் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எல்லா ஒலியும் ஒரே கிற்றாரில் கிடைக்குமா?

பதில்: தம்பி, குழி தோண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நொப்பை மாற்றலாம், வயரைக் கழற்றித் திரும்பப் பற்றவைக்கலாம், ப்ரீஆம்பை அடுத்த வருடம் போடலாம். மரத்தில் தோண்டிய குழியை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் யோசனை முழுவதையும் முதலில் பிக்அப் இருக்கும் இடத்தில் செலவழியுங்கள்.

ஒரே தந்தியை நெக் (கழுத்து) பக்கம் மீட்டிப் பாருங்கள், அப்புறம் தந்திகள் உடலில் பூட்டப்படும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டிப் பாருங்கள். முதலாவது தடித்து உருண்டு வரும், இரண்டாவது மெலிந்து கூர்மையாக வரும். பிக்அப் கேட்பதும் அப்படித்தான். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு 1957 இல் வந்த இரண்டு துண்டுப் பிக்அப்பைத்தான் நாம் பி (P) என்கிறோம். 1960 இல் வந்த ஜாஸ் பேஸின் ஒல்லிப் பிக்அப் ஜே. 1976 இல் வந்த ஸ்டிங்ரேயின் தடித்த ஹம்பக்கரை, அதாவது இரட்டைச் சுருள் பிக்அப்பைத்தான் மியூசிக் மேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹம்பக்கரும் பிரிட்ஜ் பக்கத்து ஜேயும் ஏறக்குறைய ஒரே பகுதியைத்தான் கேட்கும். இரண்டையும் நெருக்கி வைத்தால் வித்தியாசம் குறைவு, மரத்தில் குழி அதிகம், பைலாவுக்குக் கட்டைவிரலால் அடிக்கவும் விரல் நுழைக்கவும் இடமில்லை.

உங்களுக்கு வேண்டியது இரண்டே ஒலிகள். தேவாலயத்தில் பாடகர் குழுவின் கீழே தரைபோல நிற்கும் ஒலி, அது பியிடம் இருக்கிறது. பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில், டோலக்குக்கும் டிரம்ஸுக்கும் நடுவே ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெறிக்கும் ஒலி, அதற்குப் பிரிட்ஜ் பக்கத்து ஜே. ஆகவே பி, ஜே இரண்டும் போதும். மியூசிக் மேனை மனம் விட்டுக் கைவிடுங்கள். அந்த ஒலிதான் உயிர் என்றால் அதற்கென்று அது ஒன்றை மட்டும் போட்ட இன்னொரு கிற்றாரே நல்லது.

ஐந்து தந்தி என்பதால் இன்னொன்று. வழக்கமான பியில் தடித்த தந்திகளின் துண்டு நெக் பக்கமும் மெல்லிய தந்திகளின் துண்டு பிரிட்ஜ் பக்கமும் இருக்கும். ஐந்தாவதாகக் கீழே வரும் பி (B) சுரத் தந்தி செக்கனுக்கு 31 அதிர்வுகள்தான், எளிதில் தொளதொளத்துவிடும். துண்டுகளை இடம் மாற்றி, தடித்த தந்திகளின் துண்டைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளினால் அந்தத் தந்தி இறுகிப் பேசும். நானாக இருந்தால் அப்படித்தான் தோண்டச் சொல்வேன்.

இனி, மின்சாரத்திலிருந்து பிக்அப் பிடிக்கும் இரைச்சல். பி இயல்பாகவே இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும், சாதாரண ஜே அடக்காது. ஜாஸ் பேஸில் இரண்டு ஜேயும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரண்டையும் சம அளவில் திறந்தால் அடங்கும். பியோடு சேரும் ஒற்றை ஜேக்கு அந்தத் துணை இல்லை. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் ஜி சுரம் 49 ஹேர்ட்ஸ். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டும் உரசினால் காதுக்கு எவ்வளவு வேதனை என்று மண்டபத்து விளக்கு டிம்மருக்கு அருகில் நின்று வாசித்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரே உறைக்குள் இரண்டு சுருள் உள்ள, இரைச்சல் அடக்கும் ஜேயையே கேட்டு வாங்குங்கள். குழிகளின் உள்ளே செப்புத் தாள் ஒட்டி, அதையும் பிரிட்ஜையும் கிரவுண்டோடு இணைக்கச் சொல்லுங்கள்.

நொப்புகள்: மொத்த வோல்யூம், இரண்டு பிக்அப்பையும் கலக்கும் பிளெண்ட், டோன். பலர் இரண்டு வோல்யூம் வைப்பார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். ஆனால் அறிவிப்பாளர் மைக்கை எடுக்கும்போது ஒரே திருகலில் அடங்குவது மண்டபத்தில் பெரிய உதவி. பிளெண்டுக்கு நடுவில் இரண்டும் முழுதாகத் திறக்கும் வகையைக் கேளுங்கள். மற்ற இரண்டும் 250 கே (கிலோ ஓம்), டோனில் 0.047 மைக்ரோஃபரட் கொண்டென்சர். இந்தச் சில்லறைகளுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள். பிளெண்டை நடுவில் வைத்ததும் ஒலி திடீரென்று ஒல்லியாகிப் போனால் பயப்பட வேண்டாம். ஒரு பிக்அப்பின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் சரி.

ப்ரீஆம்பை இப்போது போடாதீர்கள். ஒரு கலியாணத்தில், பொண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வரும் பாட்டின் நடுவில் என் பேஸ் அடங்கிப் போனது. முதல்நாள் பயிற்சிக்குப் பிறகு கேபிளைக் கழற்றாமல் விட்டதால் இரவு முழுவதும் 9 வோல்ட் பற்றரி வடிந்திருந்தது. அந்தப் பாட்டை அவர்களுக்குத் திருப்பித் தர முடியவில்லையே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. பின்னால் ஆசை வந்தால் போடுவதற்குப் பற்றரிப் பெட்டி இடத்தையும் கொஞ்சம் அகலமான குழியையும் மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். போடும் நாளில் பாஸிவுக்கு, அதாவது ப்ரீஆம்ப் இல்லாமல் வாசிக்க, மாற்றும் சுவிட்ச் கட்டாயம்.

ஐந்து தந்திப் பிக்அப்பின் நீளமும் தந்தி இடைவெளியும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஆகவே படத்தைப் பார்த்துத் தோண்ட விடாதீர்கள். பிக்அப் இரண்டும் கைக்கு வந்த பிறகு, தந்தி பூட்டி, அதன் கீழே வைத்துப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோட்டின் மேல் நீங்களே ஒரு பாட்டு வாசித்துப் பாருங்கள், விரல் இடிக்கிறதா என்று. இடித்தால் அந்த இடத்திலேயே அழித்து நகர்த்துங்கள்.