காரைக்குடிப் பக்கம் இருக்கிறோம். ஜீப் சவாரியோடு நிற்காமல், இரண்டு மூன்று நாள் காட்டுக்குள்ளேயே இருந்து, இரவு வெளியில் படுத்து விலங்குகளைப் பார்க்க எங்கே போகலாம்? புலி தெரியுமா?

தேக்கடிக்குப் போங்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில் கேரள வனத்துறையே நடத்தும் நடைப்பயணம் ஒன்று இருக்கிறது, 'டைகர் ட்ரெயில்' என்பார்கள். ஓர் இரவு இரண்டு பகல், இரண்டு இரவு மூன்று பகல் என்று இரண்டு வகை. பகலெல்லாம் நடை, இரவு காட்டுக்குள் கூடாரத்தில் படுக்கை. நீங்கள் கேட்பதற்கு, நம்ம ஊரிலிருந்து எட்டும் தூரத்தில், நேர்மையான பதில் இதுதான்.

புலி தெரியுமா என்றால், அநேகமாகத் தெரியாது. பேரில் புலி இருக்கிறது, காட்டிலும் புலி இருக்கிறது, ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கம் அடர்ந்த காடு. வட இந்தியாவின் புல்வெளிக் காடுகளில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே புலியைப் படம் எடுத்து வந்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். புலிக்காக மட்டும் என்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். யானை, காட்டுமாடு, மிளா என்னும் பெரிய மான், கருமந்தி, மலையணில், நீர்நாய், அதிர்ஷ்டம் இருந்தால் செந்நாய்க் கூட்டம், இருவாச்சிப் பறவை. இவை போதும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

நான் தேவகோட்டைக்காரி. கொழுந்தனார் குடும்பத்தோடு போனேன். "வீட்டில் பட்டாலை நிறைய இடம் கிடக்க, காட்டுல போயி யாரு படுப்பா?" என்று அப்பத்தா கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

முதலில் எதைத் தவிர்க்கலாம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போவது அங்கேதான். இணையத்தில் 'காட்டுக்குள் ஒரு இரவு' என்று வரும் விளம்பரங்களில் பெரும்பாலானவை காட்டுக்குள் இல்லை, காட்டு ஓரத்துத் தனியார் தோட்டத்தில்தான். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிப் பணம் கட்டிப் போனார். ஏலக்காய்த் தோட்டத்து ஓரத்தில் வரிசையாகக் கூடாரம், நடுவில் நெருப்பு, பக்கத்தில் ஸ்பீக்கர். அங்கே அவர் பார்த்த ஒரே காட்டு உயிர் அட்டை. இரவில் ஜீப்பில் அழைத்துப்போய் யானை காட்டுகிறோம் என்று சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, யானைக்கும் துன்பம், உங்களுக்கும் ஆபத்து.

தமிழ்நாட்டுப் பக்கம் மலையேற்றத்துக்கு இப்போது கட்டுப்பாடு அதிகம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் விதிகள் வந்தன. 2024இல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது பெரும்பாலும் பகலில் போய்ப் பகலில் திரும்புவது. டாப்சிலிப்பிலும், அதை ஒட்டிக் கேரள எல்லைக்குள் இருக்கும் பரம்பிக்குளத்திலும் வனத்துறைத் தங்கும் விடுதிகள் உண்டு. பரம்பிக்குளத்தில் மரத்தின் மேல் குடிலும் உண்டு, கன்னிமாரா தேக்கு என்ற மிகப் பழைய பெரிய மரத்தையும் பார்க்கலாம். ஆனால் அங்கே உங்களுக்குச் சுவரும் கதவும் இருக்கும். நீங்கள் கேட்டது வெளியில் படுப்பதைப் பற்றி.

சரி, தேக்கடி நடைக்கு வருவோம். இதில் நாம் காசு கொடுத்து வாங்குவது விலங்கை அல்ல, கூட வருகிற ஆட்களின் கண்ணையும் காதையும். அந்த ஆட்கள் யார் என்று தெரிந்தால் இது புரியும். 1990களின் பிற்பகுதி வரை இதே காட்டில் இலவங்கப்பட்டை மரங்களைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள், வேட்டையும் ஆடியவர்கள். துரத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதைவிட, காட்டை இவ்வளவு தெரிந்தவர்களைக் காவலுக்கே வைத்துக்கொண்டால் என்ன என்று வனத்துறை யோசித்ததில் பிறந்ததுதான் இந்தப் பயணம். அவர்களே சங்கமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். நாம் நடக்கும் வழி அவர்களுடைய ரோந்து வழியும்கூட. நம் கட்டணத்தில் அவர்களுக்குக் கூலி, சங்கத்துக்கு நிதி. அந்தத் தலைமுறையில் பலருக்கு வயதாகிவிட்டது, இளையவர்களும் வருகிறார்கள். கூட்டம் சேர்க்க மாட்டார்கள். ஒரு குழுவுக்கு ஐந்தாறு பயணிகள்தான். வழிகாட்டிகளும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை, கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர்.

மொழிப் பிரச்சினையே இல்லை. தேக்கடியை ஒட்டிய ஊரான குமுளியில் தமிழ் தெரியாதவர் குறைவு. எங்களோடு வந்த வழிகாட்டிகளில் மூத்தவர் மலையாளம் கலந்த கம்பம் தமிழில் பேசினார். நான் அவரை அண்ணே என்றேன், அவர் என்னை அக்கா என்றார், இரண்டு பேரும் வயதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். ஏரிக்கரைச் சேற்றில் யானைக் காலடிகள். எங்களுக்கு அது பள்ளம், அவ்வளவுதான். அவர் குந்தி உட்கார்ந்து, இடுப்பில் இருந்த துண்டை உருவி, முன்காலின் தடத்தைச் சுற்றி வைத்து அளந்தார். அந்த அளவை அப்படியே இரண்டு மடங்காக்கித் தன் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இவ்வளவு உயரம் தோளு." முன்கால் சுற்றளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம் என்பது காட்டு ஆட்களுக்கும் தெரியும், ஆராய்ச்சியாளர்களுக்கும் தெரியும். பிறகு பத்தடி தள்ளிக் கிடந்த சாணத்தை விரலால் பிளந்து உள்ளே தொட்டுப் பார்த்தார். சூடு இருந்தது. உடனே எல்லாரையும் வந்த வழியே திருப்பி மேட்டுக்கு ஏற்றிவிட்டார். கால் மணி நேரத்தில் கீழே மூங்கில் ஒடியும் சத்தம், அப்புறம் குட்டியோடு மூன்று பெண் யானைகள் தண்ணீருக்கு இறங்கின. நாங்கள் நின்றிருந்த இடத்துக்கே வந்தன. குட்டிக்குத் தும்பிக்கையால் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லை, மண்டியிட்டு வாயை வைத்துக் குடித்தது.

நகம் பதிந்த தடம் செந்நாய், நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம். புற்றைக் கிளறியிருந்தால் கரடியாக இருக்கலாம். உலர்ந்த எச்சத்தில் மிளாவின் முடி சுருண்டு கிடந்தால் அது உங்கள் புலியாக இருக்கலாம். நாங்கள் பார்த்த புலியும் அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த முடிக்கற்றையைப் பார்த்துவிட்டு நடந்த அடுத்த ஒரு மணி நேரம் என் முதுகு முழுக்கக் கண்ணாக இருந்தது.

இனி இரவு. கூடாரம் போட்ட இடத்தைச் சுற்றி யானை தாண்ட முடியாதபடி அகழி வெட்டியிருந்தது. தரை விரிப்பு, தூங்கும் பை அவர்களே தருகிறார்கள். சாப்பாடு சைவம், எளிமை, சூடு. நெருப்பு மூட்டி ஆட்கள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். எட்டு மணிக்கெல்லாம் படுக்கச் சொல்லிவிடுவார்கள், ஆனால் தூக்கம் வராது. சிள்வண்டு ஓயும்போதுதான் மற்றது கேட்கும்: தவளை, பக்கிக் குருவி, தண்ணீரில் ஏதோ இறங்குவது. எங்களுக்கு நடுச்சாமத்துக்கு மேல் எதிர்க்கரையிலிருந்து ஒரு மிளா கத்தியது. ஒற்றைச் சத்தம், பலமாக, இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப. நெருப்பருகே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மிளா வெறுமனே அப்படிக் கத்தாது, புலியோ சிறுத்தையோ செந்நாயோ நகர்வதை மோப்பம் பிடித்திருக்கும் என்று மூத்தவர் கூடாரத்துக்கு வெளியே நின்று மெதுவாகச் சொன்னார். சத்தம் ஏரியோரமாக நகர்ந்து நகர்ந்து போனது. அவர் இருட்டில் கையை நீட்டி, இப்போது இந்த மடிப்பு, இப்போது அந்த ஓடை என்று எங்களுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்காத விலங்கை இவ்வளவு தெளிவாகத் தொடர முடியும் என்று எனக்குத் தெரியாது. அப்பத்தாவுக்கு நான் சொன்ன பதில் இந்த அரை மணி நேரம்தான். அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

நடை கஷ்டமா என்று கேட்பீர்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்தவர்களுக்குக் கால் ஒரு பொருட்டில்லை. ஆனால் அங்கே வழியெல்லாம் அரோகராவும் அன்னதானமும், இங்கே வாயைத் திறக்கக் கூடாது. நம்ம ஆட்களுக்கு அதுதான் பெரிய விரதம். சீடை, மணகோலம் கட்டி எடுத்துப் போகாதீர்கள். கடிக்கிற சத்தம் ஒரு பக்கம், மிச்சத்தைக் குரங்கும் பன்றியும் தேடி வருவது இன்னொரு பக்கம். வாழைப்பழம், பலாச்சுளை கூடாரத்தில் வேண்டவே வேண்டாம். ஜவ்வாது, சென்ட் இரண்டும் வீட்டில் இருக்கட்டும். பச்சை, காக்கி, பழுப்பு நிறத்தில் முழுக்கைச் சட்டை. முன்பே போட்டுப் பழகிய ஷூ, புதிது வாங்கிப் போட்டால் கொப்புளம் நிச்சயம். மழைக்காலத்தில் அட்டை ஏறும். அதற்கான நீள உறையை அங்கேயே தருகிறார்கள். கடித்த அட்டையைப் பிய்க்காதீர்கள், உப்போ மூக்குப்பொடியோ பட்டால் தானே விழும். குமுளி நல்ல உயரத்தில் இருப்பதால் விடியற்காலை குளிரும், ஒரு ஸ்வெட்டர் போதும்.

பெண்கள் எல்லாரும் என்னிடம் தனியாகக் கேட்கும் கேள்விக்கும் இங்கேயே பதில்: கழிப்பறை என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். மறைவான இடம், மண்வெட்டி, தண்ணீர். பொழுது சாய்வதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது, இருட்டிய பிறகு ஒருவர் டார்ச்சோடு துணை வந்து தள்ளி நிற்பார். மாதவிலக்கு நாட்களாக இருந்தால் பயன்படுத்தியதைப் புதைக்காமல் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். குழுவினர் மரியாதையாக நடந்துகொண்டார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

காரைக்குடியிலிருந்து குமுளி சுமார் 220 கிலோமீட்டர். திருப்பத்தூர், மேலூர், மதுரை, உசிலம்பட்டி, தேனி, கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். பேருந்து என்றால் மாட்டுத்தாவணியில் இறங்கி ஆரப்பாளையம் மாறுங்கள். காலையில் நடை தொடங்குவதால் முதல் நாளே போய்க் குமுளியில் தங்குவது உத்தமம். கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை வேண்டாம். சபரிமலைக் கூட்டத்தில் மலைப்பாதையைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், அறை விலையும் ஏறிவிடும். நான் சொல்வது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி, இல்லை என்றால் தை கடைசி. கோடையில் விலங்குகள் ஏரிக்கரைக்கு நிறைய வரும், ஆனால் காட்டுத்தீ பயத்தில் பயணத்தை நிறுத்திவைக்கவும் செய்வார்கள். காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, கட்டணத்தையும் நடக்கிறதா என்பதையும் அன்றைய நிலவரப்படி கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும்.

போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஏரி என்று நாம் பார்ப்பது 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய பள்ளத்தாக்கு. அப்போது முங்கிய மரங்கள் இன்னும் மொட்டை மொட்டையாகத் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன, அவற்றின் மேல் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்தும். அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி, வைகையோடு சேர்ந்து, மேலூர் வயலுக்கும் சிவகங்கைச் சீமையின் சில கண்மாய்களுக்கும் வருகிறது.

இன்னொன்று, அங்கே போகும் முன் கண்ணைக் கொஞ்சம் பழக்குங்கள். வழியிலேயே, திருப்பத்தூருக்கும் மேலூருக்கும் இடையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவித்தது. கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாயில் நல்ல மழை பெய்த வருடம் மார்கழி, தையில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், இராக்கொக்கு எல்லாம் கூடு கட்டியிருக்கும். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள். ஒரு காலை இரண்டு மணி நேரம் கரையில் பேசாமல், செல்போன் எடுக்காமல் உட்கார்ந்து பாருங்கள். பொழுது போகவில்லை என்று யாருக்குத் தோன்றுகிறதோ அவரைத் தேக்கடிக்கு அழைத்துப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையில் என் வீட்டுக்காரர் தேறவில்லை, அதனால்தான் கொழுந்தனார் குடும்பத்தோடு போனேன்.

சின்னப் பிள்ளைகளை இந்த நடைக்குச் சேர்க்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொள்ளுகுடிப்பட்டியும், தேக்கடியில் காலை முதல் படகும் போதும். கரையில் காட்டுமாடும் பன்றியும் அநேகமாகத் தெரியும். 2009 செப்டம்பரில் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதனால் படகில் தரும் மிதவை உடுப்பைப் பிள்ளைகள் கசகசக்கிறது என்று சொன்னாலும் கரை சேரும் வரை கழற்ற விடாதீர்கள். யானை தெரிகிறது என்று எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் நீங்கள் மட்டுமாவது உட்கார்ந்தே இருங்கள்.