வாசகர் கேள்வி பதில்: எல்லாரோடும் பழகிய தம்பியைப் பற்றி எப்படி எழுதுவது?

கேள்வி: என் தம்பி கடந்த ஆண்டு சாலை விபத்தில் காலமானான். அவனுக்கு 26 வயது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்து வேலைக்குச் சேர்ந்து நெடுநாள் ஆகவில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனுக்கு இறுதி மரியாதை நடந்த அன்று நாங்கள் அதுவரை பார்த்தே இராத எத்தனையோ பேர் வந்து அழுதார்கள். முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு சிறிய நினைவு மலர் அச்சிட்டு உறவினருக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அப்பா விரும்புகிறார். எழுதும் பொறுப்பு என்னுடையது. ஆனால் எழுத உட்கார்ந்தால், 'எல்லாரிடமும் அன்பாகப் பழகுவான், எப்போதும் சிரித்த முகம்' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. யாரைப் பற்றி வேண்டுமானாலும் அப்படி எழுதலாமே என்று தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?
வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்களுக்கு வேண்டிய வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, சகோதரி. நீங்கள் பார்த்தே இராத பலர் வந்து அழுதார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மலரை எழுத வேண்டியவர்கள் அவர்கள்தாம்; நீங்கள் தொகுத்தால் போதும். பலரோடு கலந்து பழகும் ஓர் இளைஞரின் வாழ்க்கையில் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியேதான் நடக்கிறது: ராணுவ முகாமில், வேலையிடத்தில், பந்து விளையாடும் திடலில், நள்ளிரவிலும் திறந்திருக்கும் பரோட்டாக் கடையில். அந்தப் பகுதி வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவது இயல்பு. எனவே உங்களுக்கு வரி வரவில்லை என்றால் பாசம் போதவில்லை என்று எண்ணி வருந்தாதீர்கள். கைவசம் இருக்கும் செய்தி போதவில்லை, அவ்வளவுதான். அதைத் தேடிச் சேர்க்க முடியும்.

'அன்பானவர்' என்ற சொல்லில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வாசிப்பவர் தாமாகவே வந்து சேரும்படி நிகழ்ச்சிகளை எடுத்து வைத்தால்தான் அது உங்கள் தம்பியைப் பற்றியதாகும். இறந்தவரை நினைத்துப் பாடும் கையறுநிலைப் பாட்டுகளில் நம் முன்னோர் இதைத் தெளிவாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டாக இருக்கிறது. அதன் தொடக்க அடிகள் அவன் வள்ளல் என்றோ வீரன் என்றோ பெயரிட்டுச் சொல்வதில்லை. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, எஞ்சியதைத் தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு குறைவானாலும் மிகுதியானாலும் பல கலங்களில் பகிர்ந்தே உண்பான். கறி கிடைக்கும் இடத்தில் எங்களை முன்னே விட்டு, அம்பும் வேலும் பாயும் இடத்தில் தானே போய் நிற்பான். நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்று அவன் செய்தவற்றை மட்டுமே வரிசையாகச் சொல்கிறார். யாரோடு சாப்பிட்டான், யாருக்கு முதலில் கொடுத்தான், யார் தலையைத் தொட்டான் என்ற இந்தச் சின்னச் செயல்களால்தான் அந்த மனிதன் நம் முன்னால் வந்து நிற்கிறான். உங்கள் தம்பிக்கும் இப்படிப்பட்ட செய்திகளையே நீங்கள் தேட வேண்டும்.

அவை கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. 'அவர் எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் நண்பர்களும் நீங்கள் எழுதிய அதே வரியைத்தான் திருப்பிச் சொல்வார்கள். தெக்கோங் தீவில் அவரோடு அடிப்படை ராணுவப் பயிற்சி பெற்றவரிடம், பயிற்சியின் நிறைவாக வரும் 24 கிலோமீட்டர் நடையின்போது அவர் யாருக்குப் பக்கத்தில் நடந்தார், என்ன பேசிக்கொண்டு வந்தார் என்று கேளுங்கள். உடன் வேலை செய்தவரிடம், புதிதாக வந்து சேர்ந்தவரை முதல் நாளில் யார் சாப்பிட அழைத்துப் போனது என்று கேளுங்கள். காப்பிக்கடைக்காரரிடம் அவர் வழக்கமாக எதை வாங்குவார், யாருக்கும் சேர்த்து வாங்கிப் போவாரா என்று கேளுங்கள். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நண்பரின் காவடிக்குத் துணையாக நடந்தவர் என்றால், தண்ணீர் கொடுத்தது யார், கால் பிடித்துவிட்டது யார் என்று கேளுங்கள். இடமும் நேரமும் உள்ள கேள்விக்கு இடமும் நேரமும் உள்ள பதில் வரும். நம் நாட்டின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கப்பட்டதிலிருந்து தலைவர்களின் நினைவுகளோடு வணிகர், தொழிலாளர் ஆகியோரின் நினைவுகளையும் அவரவர் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறது. நீங்களும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு பிறகு எழுதினால், பேசியவரின் நடை மலரில் அப்படியே நிற்கும்.

சீன, மலாய் நண்பர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதித் தந்ததை அவர்கள் மொழியிலேயே அச்சிட்டு, கீழே அதன் சாரத்தைத் தமிழில் கொடுங்கள். அம்மாவும் பெரியவர்களும் வாசிக்க அது வேண்டும். உங்கள் மாடியிலேயே இருக்கும் சீனப் பாட்டிக்கு மாண்டரின் மட்டுமே தெரியும் என்றால், அவருடைய பேரனை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினான், மின்தூக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்பன போன்ற செய்திகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட அண்டை வீட்டாரிடமே கிடைக்கும்.

குறைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா என்ற தயக்கம் வரும். சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் பார்ப்பவரோடெல்லாம் நின்று பேசிவிட்டு எங்கேயும் தாமதமாகவே வருவார், கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க மாட்டார் என்பதெல்லாம் குறைதான் என்றாலும், உங்கள் தம்பியை அறிந்தவர்கள் அவரை அடையாளம் கண்டுகொள்வது அங்கேதான். பிறருக்கு மனவருத்தம் தரக்கூடிய காதல், சண்டை, கடன் தொகை ஆகியவை மட்டும் மலருக்கு வேண்டாம்.

விபத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடியுங்கள். மரண விசாரணையோ வழக்கோ இன்னும் முடியவில்லை என்றால் அதுவும் வேண்டாம். தேதி மட்டும் போதும். படங்களில் பட்டமளிப்புப் படமும் சீருடைப் படமும் ஒவ்வொன்று இருந்தால் போதுமானது. மற்றவை அவர் யாரோடாவது சேர்ந்திருக்கும் படங்களாக இருக்கட்டும். உடன் இருப்பவர்களின் பெயர்களை அவர்களிடம் கேட்டு மறக்காமல் போடுங்கள். நாளிதழில் வெளியிடும் நினைவஞ்சலி விளம்பரம் வழக்கமான வாசகத்தோடு இருப்பதில் தவறில்லை. அது ஊருக்கு நினைவு நாளை அறிவிப்பதற்கானது, அதை மாற்றி எழுதச் சிரமப்பட வேண்டாம்.

கேள்வி: மறைந்த என் மகனின் கைப்பேசி எண்ணையும் ஃபேஸ்புக் கணக்கையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. மூடிவிட்டால் அவனுடைய குரலும் போய்விடுமோ என்று என் மனைவி அஞ்சுகிறார்.
வாசகர், சுவா சூ காங்

பதில்: முதலில் குரலைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். உங்கள் கைப்பேசிக்கும் மனைவியின் கைப்பேசிக்கும் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் கருவிகளில்தான் இருக்கின்றன. அவருடைய எண்ணை மூடுவதால் அவை அழியமாட்டா. ஆனால் கைப்பேசி பழுதானால் போய்விடும். ஆகவே உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைத் திறந்து, ஊடகக் கோப்புகளையும் சேர்த்து எடுத்து, கணினியிலும் தனியொரு சேமிப்புக் கருவியிலும் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களுக்கு அவர் அனுப்பிய பதிவுகளையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கேட்டிராத அவருடைய சிரிப்பு அவற்றில் இருக்கக்கூடும். வாட்ஸ்அப் பொதுவாக 120 நாள் பயன்படுத்தாத கணக்கை நீக்கிவிடும் என்பதால், அவருடைய கைப்பேசியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் நாள் கடத்தாதீர்கள். எண்ணை மூடினால் பிற்பாடு அது வேறொருவர் கைக்குப் போகலாம் என்பதையும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணிலிருந்து அறிமுகமில்லாத ஒருவரின் படத்தைத் திடீரென்று பார்ப்பது தாய்க்குத் தாங்க முடியாத ஒன்று.

ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றித் தரும்படி இறப்புச் சான்றிதழை இணைத்து விண்ணப்பிக்கலாம். அதன் பிறகு எவரும் அதற்குள் நுழைய முடியாது. பிறந்தநாள் நினைவூட்டலும் யாருக்கும் போகாது. அவர் பகிர்ந்தவை, யாரோடு பகிர்ந்தாரோ அவர்களுக்கு அப்படியே தெரியும். முற்றிலும் நீக்கும்படி கேட்கவும் நெருங்கிய குடும்பத்தாருக்கு வழி உண்டு, ஆனால் ஓராண்டு கழியும் வரையிலாவது அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நீக்கியதைத் திரும்பப் பெற முடியாது.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவின் உயிராக இருந்தவன் நோயால் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய அம்மாவைப் பார்க்கப் போகும்போது அவன் பெயரை எடுக்கலாமா, எடுத்தால் அழுதுவிடுவார்களோ என்று பயந்து வேறு எதையெதையோ பேசிவிட்டு வருகிறோம். அவனுடைய பிறந்தநாளை நாங்கள் எப்படி நினைவுகூரலாம்?
வாசகர், செங்காங்

பதில்: பெயரை எடுங்கள். அந்த அம்மா அழக்கூடும்; நீங்கள் சொன்னதால்தான் மகன் நினைவு வந்தது என்று எண்ணாதீர்கள், அந்த நினைவு அவர்களை விட்டுப் போனதே இல்லை. இரண்டு ஆண்டுகளாக எவரும் தம் மகனின் பெயரைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசுவதுதான் அவர்களுக்குப் பெரிய தனிமை. 'எப்படி இருக்கிறீர்கள், ஆன்ட்டி?' என்ற கேள்விக்கு 'இருக்கிறேன்' என்பதைத் தவிர அவர்கள் என்ன சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக, 'ஆன்ட்டி, ஒருமுறை கேமரன் மலைக்குப் போனபோது இவன் என்ன செய்தான் தெரியுமா' என்று தொடங்குங்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். மகனைப் பற்றி இனிப் புதிதாக ஒன்றும் வராது என்று முடிவுகட்டியிருக்கும் தாய்க்கு, புதிதாக ஒன்றைத் தர உங்களைப் போன்ற நண்பர்களால் மட்டுமே முடியும். தீபாவளி, புத்தாண்டு ஆகிய நாள்களில் கூட்டமாகப் போவதைவிட, இருவர் மூவராக அடுத்தடுத்த வாரங்களில் போவது நல்லது. பண்டிகை முடிந்து வீடு அமைதியான பிறகுதான் அவர்களுக்குப் பேச்சுத் துணை தேவைப்படும்.

பிறந்தநாளுக்கு, அவர் செய்துவந்த ஏதேனும் ஒன்றைத் தொடருங்கள். அவர் ரத்த தானம் செய்பவராக இருந்திருந்தால் குழுவாகச் சென்று கொடுக்கலாம். அவுட்ரம், தோபி காட், உட்லண்ட்ஸ் ஆகிய இடங்களில் ரத்த வங்கி உண்டு. கொடுப்பவர் குறைந்தது 45 கிலோ எடை இருக்க வேண்டும், ஒருமுறை முழு ரத்தம் கொடுத்தால் அடுத்த முறைக்கு 12 வாரம் இடைவெளி வேண்டும். ஆகையால் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கி 12 வாரத்தைக் கணக்கிட்டு, அதற்குள் யாரும் கொடுத்துவிடாதபடி குழுவில் இப்போதே சொல்லி வையுங்கள். கொடுத்து முடித்துச் சாப்பிடப் போகும்போது அந்த அம்மாவையும் அழைத்துப் பாருங்கள். வர மறுத்தால் வற்புறுத்தாமல் அடுத்த ஆண்டும் அழையுங்கள்.