கோர்னியா மாற்றிய பிறகு எதற்கு இத்தனை படம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்கேன் பற்றியவை. பள்ளிக்கூடத்தில் விழிவெண்படலம் என்று படித்த, கண்ணின் முன்னால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் அதே பகுதியைத்தான் கோர்னியா என்கிறோம். கிளினிக்கில் எல்லோரும் அப்படியே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): போன வருடம் கோர்னியா மாற்றினார்கள். அப்போது செல் எண்ணிக்கை 2600. போன கிழமை எடுத்த படத்தில் 1750. வைத்த கோர்னியா செத்துக்கொண்டிருக்கிறதா? மூன்று நாளாகத் தூக்கமே இல்லை.

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். முதல் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செல்கள் குறைவதை நாங்கள் வழமையாகவே காண்கிறோம்.

கோர்னியாவின் மொத்தத் தடிப்பே அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் உள்பக்கத்தில், ஒரேயொரு அடுக்காக, இந்தச் செல்கள் இருக்கின்றன. கண்ணுக்குள் இருக்கும் நீர் கோர்னியாவுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். ஓட்டைத் தோணியில் ஆட்கள் உட்கார்ந்து தண்ணீர் இறைப்பதுபோல, இவை அதை ஓயாமல் வெளியே இறைக்கின்றன. ஒரு செல் இறந்தால் அதற்குப் பதில் புதிது பிறப்பதில்லை. பக்கத்தில் இருப்பவை அகன்று அந்த இடத்தை மூடும். சதுர மில்லிமீட்டருக்கு 500 அளவுக்கு இறங்கும்போதுதான் இறைக்க ஆள் போதாமல் போகிறது. அப்போது கோர்னியா வீங்கி, புகை படிந்த கண்ணாடிபோல ஆகும். உங்களிடம் இன்னும் 1750 இருக்கிறது.

அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்றும் பார்ப்போம். நாடியை வைத்து, நெற்றியை ஒட்டி, ஒரு வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்வார்கள். இயந்திரம் கண்ணைத் தொடாமலே கோர்னியாவின் நடுவில் ஒரு சிறு துண்டைப் படம் பிடிக்கும். தேன்கூடுபோல அறுகோணக் கட்டங்கள் தெரியும். அந்தத் துண்டில் உள்ளவற்றை எண்ணி, முழு மில்லிமீட்டருக்குக் கணக்குப் போடுவார்கள். எடுத்த இடம் கொஞ்சம் விலகினாலோ இயந்திரம் வேறாக இருந்தாலோ எண்ணிக்கை மாறும். ஆகவே இரண்டு முறையும் ஒரே இயந்திரமா, எத்தனை செல்களை எண்ணினார்கள் என்று கேளுங்கள். இருபது முப்பது செல்லை எண்ணிச் சொன்ன கணக்கை நான் நம்பமாட்டேன். நூறு செல்லாவது எண்ணியிருந்தால் நல்லது.

உங்களுக்கு நான் சொல்லும் முக்கியமான வேலை வேறு. அந்தப் படம் பெரும்பாலும் கடை பில் மாதிரிச் சுருளும் வெப்பக் கடதாசியில் வரும். கொழும்பு வெக்கையில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் ஒரு வருடத்தில் வெளிறிப்போகும். போன மாதம் ஒரு ஐயா மிகப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்த தாளில் திகதி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. முன்பு படம் எடுத்த இடத்தில் கேட்டால், கணினி மாற்றியபோது பழைய படங்கள் போய்விட்டனவாம். ஒப்பிட ஒன்றுமில்லாமல் இன்றைய எண்ணிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு என்ன சொல்வது? எனக்கு அன்று முழுவதும் மனம் ஆறவில்லை. ஆகவே படம் கிடைத்த அன்றே போட்டோகொப்பி எடுத்து, போனிலும் பிடித்து வையுங்கள்.

இன்னொன்று. காலையில் எழும்பும்போது மங்கல், பத்து மணி தாண்டினால் தெளிவு என்று இருக்கிறதா? இரவு முழுக்க இமை மூடியிருப்பதால் எல்லோருடைய கோர்னியாவும் சற்று வீங்கும். இறைக்கும் செல்கள் தளர்ந்தால் அந்த வீக்கம் வற்ற நேரம் எடுக்கும். அப்படி இருந்தால் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் டொக்டரிடம் சொல்லுங்கள். தடிப்பு அளக்கும் ஸ்கேனையும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுங்கள்.

கேள்வி (வெள்ளவத்தை வாசகி): அம்மாவுக்கு உள் அடுக்கை மட்டும் மாற்றி, காற்றுக் குமிழி விட்டிருக்கிறார்கள். நாலாம் நாள் ஸ்கேனில் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது என்றார்கள். திரும்ப ஒபரேஷனா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. அம்மாவுக்கு வைத்த அடுக்கு மிக மெல்லியதாக இருந்தால் அதன் தடிப்பு 10 முதல் 15 மைக்ரோன். தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைத் தைத்து ஒட்டுவதில்லை. காற்றுக் குமிழிதான் கீழிருந்து அழுத்திப் பிடிக்கிறது. கூரையைப் பார்த்தபடி மல்லாந்து படுக்கச் சொல்வது அதற்குத்தான். ஓசிடி ஸ்கேன் ஒளியை அனுப்பி, கண்ணைத் தொடாமலே அதன் குறுக்குவெட்டைக் காட்டும். கோர்னியா வீங்கி மங்கியிருக்கும்போது ஸ்லிட் லாம்பில், அதாவது ஒடுங்கிய ஒளி பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவியில், எங்களுக்குத் தெரியாத இடைவெளிகூட இதில் தெரியும்.

ஓரத்தில் சிறு இடைவெளி பல நேரம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். இடைவெளி நடுப்பகுதி வரை வந்தாலோ, அடுத்த ஸ்கேனில் பெருத்திருந்தாலோ, இன்னொரு முறை காற்று விடுவார்கள். சின்ன வேலைதான். அம்மா கண்ணைக் கசக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி உள்ளே இருக்கும் நாட்களில் கடுமையான கண்வலியும் வாந்தியும் வந்தால் விடியும்வரை காத்திருக்கவே வேண்டாம். கண்ணழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்.

கேள்வி (தெஹிவளை): டொப்போகிராபிப் படத்தில் பாதி சிவப்பாக இருக்கிறது. இரத்தமா?

பதில்: இல்லை. தேசப்படத்தில் மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நிறம் கொடுப்பதுபோலத்தான். வளைவு கூடிய இடம் சிவப்பு, தட்டையான இடம் நீலம். முழுக் கோர்னியா மாற்றும்போது தலைமயிரிலும் மெல்லிய நைலோன் நூலால் சுற்றிலும் தைக்கிறோம். ஒரு தையல் இறுகியிருந்தால் அந்தத் திசையில் வளைவு கூடும், பார்வை இழுபடும். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் எந்தத் தையலை எடுப்பது என்று முடிவெடுக்கிறோம். எல்லாத் தையலும் போக ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதற்குள் விலை கூடிய கண்ணாடி செய்யாதீர்கள். கொன்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் இந்தப் படம் எடுக்க எத்தனை நாள் முன்பு கழற்ற வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். லென்ஸ் கோர்னியாவின் வடிவத்தைச் சில நாட்களுக்கு மாற்றி வைத்திருக்கும்.

கேள்வி: முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். கண்ணில் தையல் இருக்கிறதே?

பதில்: நைலோன் உலோகம் இல்லை. எடுக்கலாம். கண் ஒபரேஷன் செய்ததை மட்டும் அங்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (மட்டக்குளி வாசகர்): நேற்றிலிருந்து கண் சிவந்திருக்கிறது, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. கிளினிக் அடுத்த வியாழன்தான். போனில் எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: உங்களுக்கு அன்றே பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சிவப்பு, வெளிச்சக் கூச்சம், பார்வை குறைவது, வலி. இந்த நாலில் ஒன்று வந்து சில மணி நேரத்தில் போகாவிட்டால் அதை உடல் கோர்னியாவை நிராகரிப்பதாகவே எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். இதைப் போன் படத்தில் தீர்மானிக்க முடியாது. கோர்னியாவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு புள்ளிகளையும், உள் அடுக்கில் ஊர்ந்து போகும் மெல்லிய கோட்டையும் ஸ்லிட் லாம்பின் ஒடுங்கிய ஒளியில்தான் காணலாம். தளர்ந்த தையலைக் கண்டுபிடிக்க மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்க்க வேண்டும். நேரத்தோடு ஸ்டெரொய்ட் சொட்டு மருந்தைக் கூட்டினால் பல நிராகரிப்புகளைத் திருப்பிவிடலாம். ஒரு கிழமை போனால் செல்கள் போய்விடும், அவை திரும்பி வராது. கொழும்பில் இருப்பவர்களுக்கு தேசிய கண் வைத்தியசாலையில் அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. ஓட்டோ பிடித்துப் போங்கள். கிளினிக் புத்தகத்தை மறக்க வேண்டாம்.

கேள்வி: மாற்றியது முன்பக்கம். பின்னால் நரம்பை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

பதில்: நிராகரிப்பைத் தடுக்கும் அதே ஸ்டெரொய்ட் சிலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றும். இப்படி மெல்ல ஏறினால் வலிக்காது, ஆனால் பார்வை நரம்பு தேயும். தைத்த கோர்னியாவில் அழுத்தம் அளக்கும் கருவி சிலநேரம் பிழையான அளவு காட்டுவதால் நரம்பையே நேரடியாகப் பார்க்கிறோம். அதற்காகச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (பொரளை வாசகி): எனக்கு வைத்த கோர்னியாவையும் முன்பே படம் எடுத்திருப்பார்களா? அது யாருடையது என்று தெரியுமா?

பதில்: கொடுத்தவர் யார் என்பதை வழமையாகச் சொல்வதில்லை. படம் எடுப்பது உண்டு. பாதுகாக்கும் திரவத்தில் சிறு போத்தலுக்குள் இருக்கும்போதே கண் வங்கியில் அதன் செல்களை எண்ணுவார்கள். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் கண் தானச் சங்கத்தைத் தொடங்கி, 1964இல் சிங்கப்பூருக்குக் கோர்னியா அனுப்பத் தொடங்கினார். அன்றிலிருந்து இந்த ஊர் எத்தனையோ நாடுகளுக்குக் கண் கொடுத்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். உங்கள் கோர்னியாவுடன் வந்த தாளிலும் அந்த முதல் எண்ணிக்கை இருக்கும். அடுத்த முறை போகும்போது கேட்டு, கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.